தண்ணீர்ப் பூட்டு

குளியலறைக் கதவின் அடியிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது.

முதலில் அது புகை போலவே இல்லை. தரையில் யாரோ மாவைச் சிந்திவிட்டு ஊதியதுபோல வெள்ளையாக, கணுக்காலுக்கு மேல் எழாமல், கூடத்தின் சுவரோரமாகவே நகர்ந்து வந்து, அவன் உட்கார்ந்திருந்த நாற்காலியின் காலைச் சுற்றிக்கொண்டு நின்றது. எரிகிற வாசனை இல்லை. அப்போதுதான் அணைத்த மெழுகுவர்த்தியின் வாசனை. அதற்கு அடியில் ஈரமண்.

அவன் பயப்படவில்லை. பயப்படாதீர்கள் என்று காலையிலேயே சொல்லியிருந்தார்கள். பாதாளச் சாக்கடை வேலையின் மேஸ்திரி, இரண்டு கையையும் வாயருகே குவித்துக் கத்திக்கொண்டே தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போனார்.

"புதுக் குழாய்க்குள்ள இன்னிக்குப் புகை விடறோம்! எங்க விரிசல் இருக்குன்னு பாக்கத்தான்! வீட்டுக்குள்ள வந்தா பதறாதீங்க, ஜன்னலைத் திறந்து வைங்க!"

"வேலை எப்ப முடியும், அதைச் சொல்லிட்டுப் போங்க!" என்று பக்கத்து வீட்டு அக்கா மாடியிலிருந்து கேட்டாள்.

"நாளைக்கு!"

தெரு சிரித்தது. மழைக்காலத்துக்கு முன்னால் கடப்பாரை விழுந்த நாளிலிருந்து அவர் சொல்லும் ஒரே பதில் அதுதான். குடிநீர்க் குழாய் உடைந்து தெருவே தண்ணீருக்குத் தவித்தபோதும் நாளைக்கு. முனைக்கடைக்காரர் பள்ளத்தைத் தாண்டி ஆள் வராமல் கடையைப் பூட்டியபோதும் நாளைக்கு. தெருவில் அவருக்குப் பெயரே 'நாளைக்கு மேஸ்திரி'. ஆனால் இந்தமுறை அது நிஜம். கழிவை இறைக்கும் பம்பு அறை தயாராகிவிட்டது. மறுநாள் காலை குழாயைத் திறக்கப் போகிறார்கள். அதன்பின் ஒவ்வொரு வீட்டுக் கழிவும் தெருவுக்கு அடியில் ஓடும்.

ஆகவே வீட்டுக்குள் புகை வருவதில் தப்பு எதுவும் இல்லை.

அவன் எழுந்துபோய்க் குளியலறைக் கதவைத் திறந்தான். மூலையில், உள்ளங்கை அகலத்தில், புதிதாகப் பதித்த வடிகால் வாய். அதன் சல்லடை மூடியின் துளைகளிலிருந்து வெள்ளை நூல் நூலாகப் புகை எழுந்து, சேர்ந்து, தரையில் படுத்து, அவன் பாதத்தைத் தாண்டி வெளியே போனது. குளிர்ச்சியாக இருந்தது. அவன் குனிந்து பார்த்தான். நிமிர்ந்தான். அப்போதுதான் உறைத்தது.

அவன் வீட்டுக்கு இன்னும் இணைப்பே கொடுக்கவில்லை.

முன்பே உள்ளே வடிகால் வாயைப் பதித்துவிட்டுப் போயிருந்தார்கள். அங்கிருந்து சுவரைத் துளைத்து வெளியே ஒரு முழம் வரைக்கும் குழாய் போனது. அதோடு சரி. அதன் நுனியில் மூடி போட்டு மண்ணைத் தள்ளியிருந்தார்கள். தெருக் குழாய்க்கும் அவன் வீட்டுக் குழாய்க்கும் நடுவில் வெறும் மண். இணைப்பு கொடுக்க ஆட்கள் வந்தபோதெல்லாம் அவன் கதவைத் திறக்கவில்லை. வேண்டாம் என்றில்லை. எழுந்து போய்த் திறக்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

தெருவில் வெட்டிய பள்ளம் கடைசியாக மூடப்பட்டது அவன் வாசலில்தான்.

மேஸ்திரியைக் கூட்டிவந்து காட்டினான். அவர் குளியலறை வாசலில் நின்று புகையைப் பார்த்தார். சல்லடையைப் பார்த்தார். வெளியே போய் மண்வெட்டியை எடுத்து, ஆளைக் கூப்பிடாமல், தானே வெட்டினார். குழாயின் நுனி தெரிந்தது. மூடி இறுக்கமாக இருந்தது. சுற்றிலும் மண் காய்ந்து கட்டி கட்டியாக. மண்ணிலிருந்து ஒரு இழை புகைகூட இல்லை.

"மண்ணுக்குள்ள எலி வளை இருக்கும் சார். புகைக்கு நம்மளவிட வழி தெரியும்" என்றார்.

"எலி வளை எங்க?"

அவர் மூடியைத் திருகிக் கழற்றினார். உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு உடனே முகத்தை எடுத்துக்கொண்டார். அவன் குனிந்தான். யாரும் பயன்படுத்தாத புதுக் குழாய். அதன் உட்புறம் முழுக்க, கண்ணாடியில் வாய் வைத்து ஊதியதுபோல, ஆவி படிந்திருந்தது.

மேஸ்திரி கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். மற்ற வீடுகளில் 'சேத்துக்கோங்க, சேத்துக்கோங்க, அப்புறம் நான் வரமாட்டேன்' என்று கழுத்தைப் பிடித்தவர். இங்கே தரையைப் பார்த்துப் பேசினார்.

"உங்களுக்கு அவசரமில்லை சார். பழைய கழிவுத் தொட்டியே இருக்கட்டும். மூடியைத் திரும்பப் போட்டு மண்ணைத் தள்ளிடறேன். அப்புறம் பாத்துக்கலாம்."

"ஏன்?"

"சும்மா சொல்றேன்."

அவரால் அவன் முகத்தைப் பார்க்க முடியாததற்குக் காரணம் உண்டு. அன்றைக்கு நாற்காலியின் ஒரு காலைப் பிடித்திருந்தவர் அவர்தான்.

அன்றைக்கு மழை. அவன் மனைவிக்கு வலி எடுத்தது பிற்பகலில். மாதம் நிறைந்திருந்தது. ஆம்புலன்ஸ் முனையிலேயே நின்றுவிட்டது. தெரு முழுக்கப் பள்ளம், பள்ளம் முழுக்கத் தண்ணீர், குறுக்கே பலகைகள். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கினார்கள். அவன், மேஸ்திரி, அக்காவின் கணவர், குழாய் இறக்க வந்த ஒருவன். பலகையில் நான்கு பேர் பக்கத்தில் பக்கத்தில் நடக்க முடியாது. ஒவ்வொரு பலகையிலும் இறக்கி, ஆள் மாறி, மறுபடி தூக்கி. சேறு வழுக்கியது. எந்த வீட்டைத் தாண்டுகிறோம் என்று தெரியவில்லை. எல்லா வாசலும் ஒரே மண் மேடாக இருந்தது. அவள் அவன் சட்டைக் காலரைப் பிடித்திருந்தாள். "என்னங்க" என்றாள். "என்னங்க." வேறு எதுவும் சொல்லவில்லை. அவன் "இதோ, வந்துட்டோம்" என்றான். வரவில்லை. இன்னும் பாதித் தெரு இருந்தது.

மருத்துவமனையில் முதலில் குழந்தை போனது, பிறகு அவள். குழந்தை வெளியே வரவே இல்லை. ஆணா பெண்ணா என்று யாரும் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை.

அவன் அழவில்லை என்பதைத் தெரு கவனித்தது. மறுவாரமே வேலைக்குப் போனான். இரத்தம் பரிசோதிக்கும் இடத்தில் வேலை. குப்பிகளில் பெயர் ஒட்டுவான், சுழலவிடுவான், எண்களை எழுதுவான். வீட்டுக்கு வருவான். நாற்காலியில் உட்காருவான். சோகம் என்று அவன் எதிர்பார்த்தது எதுவும் வரவில்லை. மரத்துப்போன கையைப் போல, தன்னுடையதுதான் என்று பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

அக்கா படியிறங்கி வந்தாள். தெருவில் நடப்பது எதுவும் அவள் மாடிக்குத் தெரியாமல் போனதில்லை. குழியைப் பார்த்தாள், மேஸ்திரியைப் பார்த்தாள்.

"சொல்லிட்டீங்களா?"

"நான் ஒண்ணும் சொல்லலம்மா."

"பின்ன நான்தான் கெட்ட பேரு வாங்கணுமா?" என்றவள் அவன் பக்கம் திரும்பினாள். குரல் இறங்கியது. "தம்பி, உள்ள வா. நின்னுட்டே கேக்கிற விஷயமில்லை."

அவன் வீட்டுக் கூடத்திலேயே, அவன் நாற்காலிக்கு எதிரே தரையில் உட்கார்ந்துகொண்டு சொன்னாள். புடவைத் தலைப்பைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்தாள்.

"முனை வீட்டுல முதல்ல இணைப்பு குடுத்தாங்க இல்ல, அன்னிக்குச் சாயங்காலமே ஆரம்பிச்சுது. அந்த வீட்டுக்காரர் பேப்பர் படிச்சுட்டு இருந்திருக்கார். குளியலறையில இருந்து 'என்னங்க'ன்னு பொண்டாட்டி கூப்பிட்ட மாதிரி கேட்டிருக்கு. 'என்ன'ன்னு கேட்டுக்கிட்டே எழுந்து போயிருக்கார். பொண்டாட்டி வாசல்ல கோலமாவு டப்பாவக் கழுவிட்டு நிக்கிறா. மனுஷன் காது மந்தம்னு எல்லாரும் சிரிச்சோம்."

அவன் குளியலறைக் கதவைத் திரும்பிப் பார்த்தான்.

"அப்புறம் அடுத்த வீடு. அப்புறம் அதுக்கடுத்த வீடு. இணைப்பு குடுக்கக் குடுக்க நகர்ந்து வருது. விளக்கு போடற நேரத்துக்குத்தான் வரும். ஒரே வார்த்தை. நம்ம வீட்டுல யாரு புருஷனைப் பேர் சொல்லிக் கூப்பிடறா? எல்லாரும் அதேதான் சொல்றோம். அதான் எந்த ஆம்பளைக்கும் சந்தேகம் வரலை. தெருவுல ஒருத்தர் பாக்கி இல்லாம எல்லாரும் ஒரு தடவையாவது பதில் சொல்லிட்டாங்க."

"சொன்னா?"

"சொன்னா கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. யோசிக்கிற மாதிரி. குரல் சரியான்னு பாக்கிற மாதிரி. அப்புறம் போயிடும்." அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எங்க வீட்டு மனுஷன் மட்டும் குரலை அடையாளம் கண்டுட்டார். நாற்காலியைத் தூக்கினவர் இல்லையா. அன்னியில இருந்து சரியாத் தூங்கறதில்லை."

கூடத்தில் புகை அடங்கிவிட்டிருந்தது. ஜன்னல் கம்பியில் கடைசி இழை மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

"எல்லாருக்கும் தெரியுமா?" என்று கேட்டான்.

"தெரியும்."

"என்கிட்ட மட்டும் சொல்லலை."

"எப்படிச் சொல்றது தம்பி? உன் மூஞ்சியப் பாத்து எந்த வாயால சொல்றது?" தலைப்பை மடியில் போட்டாள். "மேஸ்திரிதான் வழி சொன்னார். அந்த வடிகால் வாய்க்கு அடியில வளைவு ஒண்ணு இருக்கு. அதுல ஒரு குவளை தண்ணி நின்னா போதும், கீழ இருந்து எதுவும் மேல வராது. நாத்தமும் வராது, பூச்சியும் வராது. தண்ணிப் பூட்டுன்னார். குழாயைத் திறக்கிறவரைக்கும் தண்ணி விடக்கூடாதுன்னு உத்தரவு. ஆனா நாங்க விளக்கு போடறதுக்கு முன்னாடி ஆளுக்கொரு குவளை ஊத்திடறோம், காலையில துணி விட்டு உறிஞ்சி எடுத்துடறோம். அதுக்கப்புறம் சத்தமில்லை. இன்னிக்கு ஒரு நாள்தான். நாளைக்குத் தண்ணி ஓட ஆரம்பிச்சா எல்லாம் முடிஞ்சுடும். எல்லாத்தையும் அடிச்சுட்டுப் போயிடும்."

சொன்ன பிறகுதான் அவளுக்குத் தான் சொன்னது என்னவென்று தெரிந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவன் அந்த வார்த்தைகளை மெதுவாகப் புரிந்துகொண்டான். ஒரு தெருவின் கழிவு முழுவதும். அவள்மேல். நாளைக் காலை.

மாதக்கணக்கில் மரத்திருந்த இடத்தில் ஏதோ ஊசி குத்தியதுபோல இருந்தது. வலிதான். அவனுக்கு ஏறக்குறைய நன்றியாக இருந்தது.

"அவ வீடு தேடறா" என்றான்.

"அவளா இருந்தா இத்தனை வீட்டுக்கு ஏன் போறா? அவளுக்குத் தன் வீடு தெரியாதா?"

"போகும்போது எந்த வாசலும் வாசலா இல்லையே அக்கா. எல்லாம் மண்ணு. பள்ளம் மட்டும்தான் தெரிஞ்சுது. அவளுக்குத் தெரிஞ்ச வழி அது ஒண்ணுதான்."

அக்கா முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"தம்பி, நான் அவளுக்கு வளைகாப்புப் போட நாள் பார்த்தவ. சொல்றதைக் கேளு. நானும் காதால கேட்டேன், அந்தக் குரல் அவளோடதுதான். ஆனா அதுல மூச்சு வாங்கற சத்தம் இல்லை. மனுஷங்க பேசினா நடுவுல மூச்சு வாங்குவாங்க. அது வாங்கலை. அது கூப்பிடுது, அவ்வளவுதான். சேக்காத. மூடியைப் போடச் சொல்லு."

அவன் வெளியே போனான். மேஸ்திரி குழியருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்.

"சேர்த்துடுங்க" என்றான்.

சூரியன் இறங்குவதற்குள் வேலை முடிந்தது. நடுவில் ஒரு துண்டுக் குழாய், முழங்கைபோல் வளைந்த ஒரு இணைப்பு, கொஞ்சம் பசை. இத்தனை மாதமும் நடுவில் இருந்தது இவ்வளவுதானா என்று அவனுக்குத் தோன்றியது. மேஸ்திரி உள்ளே வந்து, சல்லடையைத் தூக்கி, ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றினார். அது தொண்டை நனைவதுபோல இறங்கி, வளைவில் நின்றது. உள்ளே கறுப்பாக ஒரு கண்.

"இது இருக்கட்டும் சார். காலையில நான் விசில் குடுப்பேன். எல்லா வீட்டுலயும் ஒரே நேரத்துல பக்கெட் பக்கெட்டா ஊத்தணும், ஓட்டம் சரியா இருக்கான்னு பாக்க. அதுவரைக்கும் இதைத் தொடாதீங்க." வாசலில் செருப்பை மாட்டும்போது திரும்பாமலே சொன்னார். "அன்னிக்குத் தெருவைத் துண்டு துண்டாத் தோண்டியிருக்கலாம் சார். மேலதிகாரிங்கதான் ஒரேடியாத் தோண்டச் சொன்னாங்க."

அவன் தலையசைத்தான். அவர் போனார்.

வெளிச்சம் சாம்பல் நிறத்துக்கு வந்தபோது அவன் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். விளக்கைப் போடவில்லை. சல்லடையை எடுத்து ஓரமாக வைத்தான். பழைய பனியனைக் கிழித்து, ஒரு துணியை வளைவுக்குள் விட்டு, ஊறவைத்து, எடுத்து, பக்கெட்டில் பிழிந்தான். மறுபடி விட்டான். மறுபடி பிழிந்தான். பரிசோதனைக் கூடத்தில் குப்பியிலிருந்து துளித் துளியாக எடுப்பதுபோல, அவசரமில்லாமல், கை நடுங்காமல். தண்ணீர் குறையக் குறைய உள்ளே ஒரு சத்தம் மாறிக்கொண்டே வந்தது. கடைசிப் பிழிசலில், யாரோ வெகுநேரம் அடக்கி வைத்திருந்ததை விட்டதுபோல, வாயிலிருந்து காற்று வந்து அவன் முகத்தில் பட்டது.

நாற்றம் இல்லை. மழையில் நனைந்த மண். அன்றைய பள்ளத்தின் வாசனை.

அவன் தரையில் படுத்துக் காதை வாயருகே வைத்தான்.

தெரு முழுக்கக் கேட்டது. தூரத்தில் ஒரு பாத்திரம் விழுந்து உருண்டு அடங்கியது. யாரோ பல் இல்லாத வாயால் இருமினார்கள். தொலைக்காட்சியில் ஒரு பெண் அழுதாள், விளம்பரம் வந்தது, மறுபடி அழுதாள். ஒரு குழந்தை 'எனக்குத்தான், எனக்குத்தான்' என்று கத்த, ஒரு ஆண் குரல் 'வாயை மூடு, விளக்கு போடற நேரம்' என்றது. அக்காவின் கணவர் நடந்துகொண்டிருந்தார், குறுக்கும் நெடுக்கும், செருப்புத் தேய. எல்லா வீடும் ஒரே வீடாக இருந்தது. அவன் மட்டும் அதன் கடைசி அறையில் படுத்திருந்தான்.

பிறகு தெரு முனையில் ஒரு குவளைத் தண்ணீர் விழுந்தது. களக் என்ற சத்தம். பாத்திரம் உருண்ட வீட்டின் சத்தம் நின்றுபோனது.

அடுத்து இருமல். களக். இல்லை.

தொலைக்காட்சி. அழுகையின் நடுவில். களக்.

ஒவ்வொரு வீடாகப் பூட்டிக்கொண்டே வந்தார்கள். ஒவ்வொரு பூட்டுக்கும் அப்புறம் குழாயில் மிச்சமிருந்த இருட்டு கொஞ்சம் நீண்டது. சத்தங்கள் குறையக் குறைய, அவற்றுக்கு அடியில் இன்னொரு சத்தம் இருந்ததை அவன் கவனித்தான். முதலிலிருந்தே இருந்திருக்க வேண்டும். ஈரமான துணியைச் சுவரில் தேய்த்து இழுப்பதுபோல. ஒரு வீடு பூட்டிக்கொண்டதும் அது நிற்கும். பிறகு நகரும். இந்தப் பக்கமாக.

குழந்தையின் வீடு. களக்.

செருப்புத் தேய்வது நின்றது. அக்காவின் குரல், மிக அருகில், குழாயோடு பேசுவதுபோல. "மன்னிச்சுக்கோடி." களக்.

ஒன்றுமில்லை.

ஒன்றுமே இல்லை.

"என்னங்க."

அவள்தான். அதே இழுப்பு, கடைசியில் லேசாக மேலே போகும் அதே குரல், பாதி கூப்பிடுவதும் பாதி அலுத்துக்கொள்வதும். அவனுடைய மரத்துப்போன இடங்களெல்லாம் ஒரே நேரத்தில் திறந்துகொண்டன. தரையின் ஈரத்தில் கன்னத்தை வைத்தபடி அவன் அழுதான், சத்தமில்லாமல், வாயைத் திறந்துகொண்டு.

"ம்" என்றான். "இங்கதான் இருக்கேன். இதுதான் நம்ம வீடு."

யோசிப்பதுபோல ஒரு அமைதி. அவன் காத்திருந்தான். மூச்சு வாங்கும் சத்தத்துக்காகக் காதைக் கூர்மையாக்கினான். இல்லை.

"துண்டு குடுங்க" என்றாள். "நனைஞ்சுட்டேன்."

அவன் எழுந்தான். கொடியில் கிடந்த துண்டை எடுத்து, நுனியைத் திரித்து, வாய்க்குள் விட்டான். கொஞ்ச நேரம் அது அப்படியே நின்றது. பிறகு இறுகியது. பிறகு போனது. வேகமில்லாமல், கொஞ்சம் கொஞ்சமாக, யாரோ தோளைத் துடைத்து, கழுத்தைத் துடைத்து, தலையைத் துவட்டிக்கொண்டே இழுத்துக்கொள்வதுபோல. கடைசி நுனி அவன் விரல்களிலிருந்து நழுவியபோது ஏதோ பட்டது. சில்லென்று. நகம் இருந்தது.

"மேல வா" என்றான். "விடிஞ்சா தண்ணி விட்டுடுவாங்க. வந்துடு."

"இன்னொண்ணு குடுங்க."

"தரேன்."

"சின்னதா."

அவன் நகரவில்லை. அந்தச் சொல் அறையில் நின்றது. வெளியே ஏதோ ஒரு வீட்டில் ஸ்விட்ச் போடும் சத்தம் கேட்டது. அவ்வளவு சாதாரணமான சத்தம். ஓடிவிடலாம். கதவு இரண்டு எட்டில் இருந்தது. பக்கெட்டில் தண்ணீர் இருந்தது. ஒரு குவளை போதும்.

அலமாரியின் அடித்தட்டில், குழந்தைக்கென்று அவள் வாங்கி வைத்திருந்த துண்டு இருந்தது. மஞ்சள் நிறம், ஓரத்தில் வாத்துகள். அவன் போய் எடுத்துவந்தான். ஏன் எடுத்தான் என்று அவனுக்குத் தெரியாது. யாரோ கேட்டார்கள். அவன் கேட்டவுடன் கொடுப்பவன்.

அதையும் திரித்து உள்ளே விட்டான். அது இறுகவில்லை.

"உள்ள வேணாம்" என்றாள். "நீங்க பிடிங்க. விரிச்சுப் பிடிங்க."

அவன் மண்டியிட்டான். துண்டை இரண்டு உள்ளங்கையிலும் விரித்து, வாயின் மேல் ஏந்தினான்.

முதலில் ஈரம் வந்தது. துணி வழியாக, சில்லென்று. பிறகு ஒரு எடை. மிகக் கொஞ்சம். ஒரு எலுமிச்சம்பழத்தின் எடை. அது உள்ளங்கைக் குழியில் வந்து உட்கார்ந்தது. அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

எடை கூடியது.

"கையை எடுக்காதீங்க" என்றாள், மிக அருகில். "இன்னும் முழுசா வரலை."

அவன் கையை எடுக்கவில்லை. முட்டி மரத்தது. தோள் நடுங்கியது. அந்த வாய் உள்ளங்கை அகலம்தான். அதன் வழியே வருவது அதைவிடப் பெரிதாக இருந்தது. ஆனாலும் வந்தது. நிற்கும். அவள் கீழே ஏதோ செய்வாள், அந்த ஈரத்துணி இழுபடும் சத்தம். மறுபடி கொஞ்சம் வரும். அவள் முனகவில்லை. மூச்சிரைக்கவில்லை. "என்னங்க" என்பாள் சில நேரம். "இதோ" என்பான் அவன். "இதோ, வந்துட்டோம்."

ஜன்னல் கறுத்தது. எப்போதோ வெளுத்தது.

கதவைத் தட்டினார்கள். வெளிக்கதவு. அக்கா. "தம்பி! தம்பி, திற! தண்ணி ஊத்தினியா? தம்பி!"

"நீயும் வா" என்று அவன் வடிகால் வாயைப் பார்த்துச் சொன்னான். "போதும். நீயும் வந்துடு."

"இது வரட்டும்" என்றாள்.

தெருவில் விசில்.

மேலேயிருந்து, தெருமுனையிலிருந்து, எல்லா வீடுகளிலிருந்தும் ஒரே நேரத்தில். பக்கெட் பக்கெட்டாக. அவன் காது வைக்கவே வேண்டியிருக்கவில்லை. தரை அதிர்ந்தது. ஒரு தெருவின் தண்ணீர் முழுவதும் இருட்டுக்குள் உருண்டு, சேர்ந்து, வேகமெடுத்து. அருகில். இன்னும் அருகில்.

கீழேயிருந்து ஒரு தள்ளல். கடைசித் தள்ளல். அவன் கைகள் நிறைந்தன.

தண்ணீர் கடந்தது.

அதன் இரைச்சலில் வேறு எதுவும் கேட்கவில்லை. அது வெகுநேரம் ஓடியது. வெளியே கைதட்டினார்கள். மேஸ்திரி ஏதோ கத்த, தெரு சிரித்தது. அக்கா மட்டும் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு இரைச்சல் மெலிந்து ஓர் ஓடையின் சத்தமாகி, வாயிலிருந்து, எந்தச் சாக்கடையிலிருந்தும் வருவதுபோல, நாற்றம் வந்தது.

"இருக்கியா?" என்றான்.

தண்ணீர் ஓடியது.

வாத்துகள் எல்லாம் கறுத்திருந்தன. துண்டின் நான்கு ஓரங்களிலிருந்தும் சொட்டியது. அவன் அதை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டான். அவ்வளவு குளிர். ஒரு மடிப்பு தானாக விலகியது. உள்ளேயிருந்து ஏதோ வந்து அவன் சுட்டுவிரலைத் தேடி, கண்டுபிடித்து, சுற்றிக்கொண்டது.

அவன் காத்திருந்தான். அந்த நெஞ்சு ஒரு தடவையாவது ஏறி இறங்கும் என்று காத்திருந்தான்.

அது மூச்சு விடவில்லை. அவன் விரலையும் விடவில்லை.